வடக்குக் கரையோரம் போனால் எதைச் சாப்பிடுவது

கொழும்பு ஹோட்டல்களில் 'யாழ்ப்பாண நண்டுக் கறி' என்று மேசைக்கு வருவது பெரும்பாலும் களிநண்டு. மொத்தமான கொடுக்கு, கெட்டி ஓடு, அதற்கேற்ற விலை. யாழ்ப்பாணத்து வீடுகளில் அதிகம் அடுப்பேறுவது நீலக்கால் நண்டு. ஓடு மெல்லியது, சதையில் ஓர் இனிப்பு இருக்கும், கிலோவுக்கு நாலைந்து நிற்கும். வடக்கைச் சுற்ற வருகிறவர்கள் இது தெரியாமல், கொழும்பில் சாப்பிட்டதையே இங்கும் தேடிப்பிடித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். இந்தக் கரையின் நல்ல சாப்பாடு பெரும்பாலும் கடைப் பட்டியலில் ஏறுவதில்லை. காலையில் கரையில் வாங்கி, ஒன்பது மணிக்குள் தங்குமிடத்துக் குசினியில் கொடுத்து, மதியம் சாப்பிடுவதுதான் வழி. அறை பதியும்போதே "மீன் வாங்கித் தந்தால் சமைப்பீர்களா" என்று கேட்டுவிட வேண்டும். குடும்பமாக நடத்தும் சின்ன விடுதிகள் அநேகமாக ஒத்துக்கொள்ளும். பெரிய ஹோட்டல்கள் ஒத்துக்கொள்வது அரிது.

பாதை இப்படி: மன்னார் தீவில் தொடங்கி, ஏ32 வீதியால் பூநகரி, 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம். அங்கிருந்து பண்ணைத் தாம்போதியால் தீவுப்பகுதி. பிறகு பருத்தித்துறை, வடமராட்சி கிழக்கு. கடைசியாக ஆனையிறவு, பரந்தன் வழியாக முல்லைத்தீவு.

எப்போது போவது

கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று பலமாக வீசும்போது பருத்தித்துறைக் கரையும் முல்லைத்தீவுக் கரையும் கொந்தளிக்கும். பல நாள் வள்ளம் இறங்காது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகக் காற்று. அப்போது மன்னாரின் தென்கரை குழம்பியிருக்கும், கிழக்குக் கரை அமைதியாகிவிடும். மன்னார் தீவின் மீனவர்கள் இதற்காகவே பருவத்துக்குப் பருவம் தென்கரைக்கும் வடகரைக்கும் வாடியை, அதாவது கரையில் போடும் மீன்பிடிக் குடிலை, மாற்றுவார்கள். ஒரு கரையில் வள்ளமெல்லாம் மேலே ஏற்றிக் கிடந்தால் சலித்துக்கொள்ளாமல் தீவின் மறு கரைக்கு வண்டியைத் திருப்புங்கள்.

பாக்கு நீரிணைப் பக்கத்துக்கு இன்னொரு கணக்கு உண்டு. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. இழுவைப்படகுகள் கடலுக்கு வராத காலம் அது. இலங்கையில் இழுவைமடித் தொழில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆகவே அந்த இரண்டு மாதமும் இந்தக் கடலின் அடிப்பகுதியை வாரிக்கொண்டு போவது வெகுவாகக் குறையும், விரித்த வலை அறுபடுவதும் குறையும். நண்டும் கணவாயும் தாராளமாகக் கரைக்கு வரும். வெயில் வாட்டும்தான், ஆனால் சாப்பாட்டுக்காகவே வருகிறவருக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது.

கிழமையும் முக்கியம். பேசாலை, குருநகர், பாசையூர் போன்ற கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறு ஓய்வு. சைவர் அதிகமுள்ள இடங்களில் வெள்ளிக்கிழமை மீன் சந்தை மந்தம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளிலும் சில சாப்பாட்டுக் கடைகளிலும் மச்சம் அடுப்பேறாது. ஆடி, ஆவணியில் வரத் திட்டமிட்டால் கொடியேற்றத் திகதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரையில் வாங்குவது

இரவு விரித்த வலை விடியற்காலையில் கரைக்கு வரும். ஐந்தரைக்கும் ஏழரைக்கும் இடைப்பட்ட நேரம்தான் நேரம். மீனைக் குவித்து ஏலம் கூறுவார்கள். வெளியூர்க்காரர் அதில் தலையிட வேண்டியதில்லை. ஏலமெடுத்த சில்லறை வியாபாரி பக்கத்திலேயே கூறு கட்டி வைப்பார். கொஞ்சம் கூடக் கொடுத்து அங்கே வாங்குவதுதான் மரியாதை.

கண் தெளிவா, செவுள் சிவப்பா என்று பார்க்க எல்லாருக்கும் தெரியும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: "அக்கா, இது ராத்திரிப் பட்டதோ, நேத்து விரிச்ச வலையோ?" காற்று காரணமாக ஒரு நாள் எடுக்காமல் விட்ட வலை என்றால் அதிலுள்ள நண்டில் பாதி வலையிலேயே செத்திருக்கும். நேராகக் கேட்டால் அநேகமாக நேராகவே பதில் வரும்.

ஒரு ரெஜிபோம் பெட்டி கட்டாயம். மீன் எவ்வளவோ அவ்வளவு ஐஸ். அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் மீனை அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உருகிய தண்ணீரில் ஊறிச் சதை வெளிறிவிடும். கணவாயைப் பையில் கட்டாமல் ஐஸுக்குள் போடவே கூடாது. உயிருள்ள களிநண்டு ஐஸ் கேட்காது. ஈரச் சாக்குக்குள் நிழலில் வைத்தாலே போதும்.

வீதியோரம் வெயிலில் பலகைமேல் கிடக்கும் சூரையையும் கும்பளாவையும் விட்டுவிடுங்கள். அந்த இனங்களின் சதையில் சூட்டில் ஹிஸ்டமின் ஊறிவிடும். மணம் மாறாமலும் இருக்கலாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டு அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு கடிக்கத் தொடங்கும்.

மன்னார்: கருவாடும் அட்டையும்

பேசாலையிலும் தலைமன்னாரிலும் கருவாடு வாங்கலாம். கட்டா, பாரை, சீலா மூன்றும் நல்லவை. வயிற்றுப் பக்கத்தை விரித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாக நிறம் மாறியிருந்தால் உப்பில் வாழும் பக்டீரியா பிடித்திருக்கிறது, வேண்டாம். முள்ளை ஒட்டிய சதையை விரலால் அழுத்தினால் ஈரம் கசியக் கூடாது. மணலில் பரப்பிக் காயவிட்டதா, பந்தலில் காயவிட்டதா என்பதைக் கீழ்ப்பக்கத்தைத் தடவினாலே அறியலாம். மணல் ஏறிய கருவாட்டை எத்தனை தரம் கழுவினாலும் பல்லில் கரகரக்கும்.

பாதையின் தொடக்கத்திலேயே வாங்குவதால் வண்டி மணக்கும். இரண்டு சுற்றுப் பத்திரிகைத் தாள், அதன்மேல் துணிப்பை, பிறகு மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி. பொலித்தீனில் நேரடியாக இறுகக் கட்டினால் மீதி ஈரம் வியர்த்து, நாலு நாளில் பூஞ்சணம் பூத்துவிடும். சமைக்க முன் சுடுதண்ணீரில் 10 நிமிடம், பிறகு அரிசி கழுவிய தண்ணீரில் ஒரு அலசல். கத்தரிக்காயோடு சேரும்போது கறிக்கு உப்பைக் கடைசியில் சுவைத்துப் பார்த்துத்தான் போட வேண்டும்.

மன்னாரிலிருந்து பூநகரி வரை ஆழங்குறைந்த கடலில் வலையடைத்த சதுரங்கள் தெரியும். கடலட்டைப் பண்ணைகள். உள்ளூரில் எவரும் இதைச் சாப்பிடுவதில்லை. எல்லாம் சீனம், ஹொங்கொங், சிங்கப்பூர் பக்கம் போகிறது. வெள்ளை அட்டையைக் கீறிக் குடலெடுத்து, அவித்து, ஓரிரவு மணலில் புதைத்து, மேலே படிந்த சுண்ணாம்புத் தோலை உரசிக் கழற்றி, மறுபடி அவித்து, வெயிலில் நாட்கணக்காகக் காயவிடுவார்கள். பத்துக் கிலோ பச்சை அட்டை காய்ந்தால் ஒரு கிலோகூடத் தேறாது. விலை ஏன் அப்படி என்பது அதிலேயே விளங்கும். ருசி என்று அதற்குத் தனியாக ஒன்றுமில்லை, வழவழப்புக்காகச் சாப்பிடுவது. பிடிக்கவும் ஏற்றுமதி செய்யவும் உரிமம் தேவை. இந்தியாவிலோ 2001 முதல் முழுத் தடை. வீதியில் யாராவது அரைகுறையாகக் காய்ந்த அட்டை இரண்டு கிலோ நீட்டினால் வாங்காதீர்கள்.

நீலக்கால் நண்டு

குருநகர், பாசையூர், நாவாந்துறைக் கரைகளில் காலை முழுக்க வலையிலிருந்து நண்டு கழற்றும் வேலை நடக்கும். காலை முறிக்காமல் கழற்றுவது ஒரு கைவேலை. கால் முறிந்த நண்டைப் பெரிய கொள்வனவாளர் எடுக்கமாட்டார். முழு நண்டில் பெரியது தொழிற்சாலைக்குப் போய்ச் சதை பிரித்து அமெரிக்காவுக்கு ஏறிவிடும். சந்தைக்கு வருவது நடுத்தரமும் ஒற்றைக் கொடுக்கு இழந்ததும். கறிக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஒற்றைக் கொடுக்கு நண்டை மலிவாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

பார்த்து வாங்குவது எப்படி? கடைசிக் கால் இரண்டும் துடுப்புப்போல் இருக்கும். அவற்றின் அடிமூட்டைப் பின்னிருந்து பிடித்துத் தூக்கினால் கொடுக்கு எட்டாது. வெள்ளை அடிவயிற்றில், கால் முளைக்கும் இடத்துக்கு அருகே பெருவிரலால் அழுத்துங்கள். உள்ளே அமுங்கினால் அது அண்மையில் ஓடு கழற்றிய நண்டு. உள்ளே தண்ணீர்தான் இருக்கும், அவித்ததும் ஒன்றும் மிஞ்சாது. ஒரே அளவில் இரண்டிருந்தால் கனமானது. வளர்பிறையில் நண்டு கொழுக்காது, அமாவாசையை ஒட்டித்தான் சதை நிறையும் என்று கடற்றொழிலாளர் சொல்வார்கள். அதை நம்பினாலும் நம்பாவிட்டாலும் விரலால் அழுத்திப் பார்ப்பதை விடக் கூடாது. ஆணுக்கு நீலக் கால், அடிவயிற்று மூடி ஒடுங்கிக் கூராக இருக்கும். பெண் பழுப்பும் பச்சையும் கலந்த நிறம், மூடி அகலம். அந்த மூடிக்கு வெளியே பஞ்சுபோல் முட்டை தள்ளியிருந்தால் அதை வாங்காமல் விடுங்கள். ஓட்டுக்குள்ளே இருக்கும் செம்மஞ்சள் சினை வேறு. அது கிடைத்தால் யோகம்.

உயிரோடு இருந்தால் ஐஸில் 20 நிமிடம் வைத்தால் மயங்கிவிடும். பிறகு அடிமூடியைத் தூக்கி, மேலோட்டைப் பிரித்து, இருபக்கமும் சாம்பல் நிறத்தில் விரல்விரலாக இருக்கும் செவுளையும் வாய்ப்பக்கத்துப் பையையும் எடுத்தெறியுங்கள். மஞ்சள் கொழுப்பை வழித்து ஒரு கிண்ணத்தில் சேருங்கள். ஒரே ஒரு தரம் தண்ணீரில் அலசினால் போதும். குழாயின் கீழ் பிடித்துப் பிடித்துக் கழுவுவதால்தான் பாதி ருசி போகிறது. நடுவால் இரண்டாக வெட்டி, கொடுக்கை அம்மிக் குழவியால் ஒரே ஒரு தட்டு. இரண்டாவது தட்டில் ஓடு சிதறிக் குழம்பெல்லாம் சிராய் ஆகிவிடும்.

சின்னக் கால்களைத் தூக்கி எறிபவர் இருக்கிறார்கள். அவற்றை உரலில் இடித்து, அரைக் கோப்பைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, துணியில் வடியுங்கள். மங்கலான அந்தச் சாறுதான் குழம்பின் உயிர். வடித்து ஐந்து நிமிடத்துக்குள் கொதிக்கும் சட்டிக்குள் போய்விட வேண்டும். வெளியே நின்றால் சீக்கிரம் கெடும்.

ஒரு கிலோ நண்டுக்குக் கணக்கு: சின்ன வெங்காயம் 15, உள்ளி 8 பல்லு, பச்சை மிளகாய் 4, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, வறுத்தரைத்த யாழ்ப்பாணத் தூள் இரண்டரை மேசைக்கரண்டி, பழப்புளி ஒரு சின்னத் தேசிக்காயளவு, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. தேங்காய் ஒன்றிலிருந்து தடித்த முதற்பால் அரைக் கோப்பை, இரண்டாம் பால் இரண்டு கோப்பை. முருங்கை இலை ஒரு பிடி.

வெங்காயம், உள்ளி, மிளகாய், வெந்தயத்தை வதக்கி, இரண்டாம் பாலில் தூளையும் புளிக்கரைசலையும் கரைத்து ஊற்றிக் கொதிக்க விடுங்கள். தூள் வாசம் அடங்கிய பிறகே நண்டும் கால்சாறும் உள்ளே. சாறு நுரைத்துப் பொங்கும், முதல் இரண்டு நிமிடம் மூடாதீர்கள். பிறகு மூடி 10 முதல் 12 நிமிடம். அகப்பை போட்டுக் கிளறினால் கால் கழன்று சதை கொட்டிவிடும். சட்டியின் இரண்டு காதையும் பிடித்துக் குலுக்கினால் போதும். முதற்பாலும் எடுத்துவைத்த கொழுப்பும் விட்டு, மெல்லிய தணலில் மூன்று நிமிடம். முருங்கை இலை, ஒரு நிமிடம், இறக்கிவிடுங்கள். இலையை முந்திப் போட்டால் கறுத்துக் கசக்கும். 20 நிமிடத்தைத் தாண்டி வேகவிட்டால் சதை நாராகி ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், உறிஞ்சினாலும் வராது. இறக்கிக் கால் மணி நேரம் கழித்துப் பிட்டோடு சாப்பிடுங்கள்.

இந்தக் கறியின் நிறம் கபிலம். தூளை வறுத்து அரைப்பதால் அப்படி. கடையில் செக்கச்செவேலென்று வந்தால், அது வறுக்காத மிளகாய்த்தூள், அல்லது நிறப்பொடி.

ஒடியற் கூழ்

கூழை இரண்டு பேருக்குக் காய்ச்ச முடியாது. குறைந்தது எட்டுப் பேர், அரை நாள் முன்னறிவிப்பு. கடைகளில் கிண்ணத்தில் வரும் நீர்த்த 'சூப்'பை வைத்து இதை எடைபோட வேண்டாம்.

முதலில் மா. பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவிட்டது ஒடியல். அவித்துக் காயவிட்டது புழுக்கொடியல். கூழுக்கு வேண்டியது ஒடியல் மா. புழுக்கொடியல் மாவின் மாப்பொருள் ஏற்கெனவே வெந்துவிட்டது, அதைப் போட்டால் கூழ் இறுகி வராது. சந்தையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஒடியல் மாவில் கசப்பு உண்டு, அப்படியே போட்டால் வயிற்றுக்கும் ஒத்துவராது. 250 கிராம் மாவை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து இரண்டு மணி நேரம் விட்டால் மா அடியில் படியும். மேல் தண்ணீரைச் சரித்து ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டு இன்னொரு தரம். அவசரத்தில் ஒரே தரத்தோடு நிறுத்தியவர்களின் கூழ் நாக்கின் அடியில் காட்டிக்கொடுத்துவிடும்.

பெரிய பானையில் இரண்டரை லீற்றர் தண்ணீர் கொதிக்கட்டும். ஒரு பிடி புழுங்கல் அரிசி, பலாக்கொட்டை 15, மரவள்ளிக்கிழங்கு கால் கிலோ, உப்பு. கொட்டை பாதி வெந்ததும் பயற்றங்காய் 150 கிராம், நண்டு நாலு, மீன்தலையும் துண்டுமாக அரைக் கிலோ. தலை பெரிதாக, முள் தடித்ததாக இருக்க வேண்டும். சின்ன முள்ளுள்ள மீனைப் போட்டால் குடிக்கிறவர் தொண்டையில் நிற்கும். பத்து நிமிடம் கழித்து இறால் கால் கிலோ, கணவாய் இருந்தால் அதுவும். உடனேயே, செத்தல் மிளகாய் 15 அரைத்த கூட்டு, பெரிய தேசிக்காயளவு பழப்புளிக் கரைசல், படிந்த மா மூன்றையும் ஒன்றாகக் கரைத்து மெல்லிய தாரையாக ஊற்றி, ஒருவர் ஊற்ற ஒருவர் துழாவ வேண்டும். தனியாளாகச் செய்தால் கட்டி விழும். மா உள்ளே போனபின் அடி பிடிக்கத் துடிக்கும். நெருப்பைக் குறைத்து, அடிவரை அகப்பை போக, எட்டுப் பத்து நிமிடம். கடைசியில் ஒரு பிடி முருங்கை இலை.

இறக்கும்போது கொஞ்சம் நீர்த்திருப்பதாகத் தெரிந்தால்தான் சரி, ஆறும்போது இறுகும். பானையிலேயே அளவான தடிப்பு வந்துவிட்டால் பிளாவில் ஊற்றும்போது களியாகிவிடும். பிளா பனையோலையை மடித்துக் கட்டியது. அதில் குடிக்கும்போது சூட்டோடு ஓலை மணமும் சேரும். நண்டையும் கொட்டையையும் கையால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு இடையிடையே குடிப்பது முறை. வியர்க்கும்.

தீவுப்பகுதி

வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் போகும் வழியில் களப்பு மீன். அதில் ஓராவைக் கட்டாயம் கேளுங்கள். கடற்புல்லும் பாசியும் மேய்கிற மீன், ஆதலால் குடல் மிக விரைவில் புளித்து அந்தக் கசப்பு வயிற்றுச் சதையில் ஏறும். வாங்கிய இடத்திலேயே குடலெடுப்பித்துவிடுங்கள். முதுகில் 13, அடியில் 7, வயிற்றுத் துடுப்பிலும் முள், எல்லாம் விஷமுள். செத்த மீனின் முள்ளும் குத்தும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் கையை வையுங்கள், வலி தணியும். ஐஸ் வைத்தால் பலனில்லை. வீக்கம் ஏறினால் ஆஸ்பத்திரி. இத்தனை தொல்லைக்கும் தகுந்த மீன்தான். மஞ்சளும் உப்பும் மிளகும் தடவிப் பொரித்தால் வேறெதுவும் வேண்டாம்.

பேய்க்கணவாய்க்கு (ஒக்டோபஸ்) உள்ளூரில் வாங்குவோர் குறைவு, ஆகையால் மலிவு. தண்ணீர் விடாமல், உப்புப் போடாமல், மூடிய சட்டியில் மெல்லிய நெருப்பில் வையுங்கள். அதன் தண்ணீரிலேயே 45 நிமிடத்துக்கு மேல் வேகும். ஈர்க்கு நுழைந்தால் பதம். அதன் பிறகே தூளும் தேங்காய்ப்பாலும். சாதாரணக் கணவாய் நேர்மாறு: மூன்று நிமிடம், அல்லது முக்கால் மணி. இடையில் நிறுத்தினால் ரப்பர். கணவாயின் மைப்பையைச் சில வீடுகளில் எறிவதில்லை. வெள்ளி பூசியதுபோல் மினுங்கும் அந்தச் சின்னப் பையைக் கழுத்தோடு கிள்ளி எடுத்து, இரண்டு கரண்டித் தண்ணீரில் உடைத்து, கறி இறக்கும் தறுவாயில் சேர்ப்பார்கள். கறி கருங்கறுப்பாகும், உப்புச் சற்றுத் தூக்கும். உடையாமல் எடுக்க, கணவாயை வாங்கும்போதே "கழுவ வேண்டாம், முழுசாத் தாங்கோ" என்று சொல்லிவிட வேண்டும்.

மட்டி வாங்கினால் நல்ல கடல்நீரில் மூன்று நாலு மணி நேரம் விட்டு மணல் கக்க விடுங்கள். குழாய்த் தண்ணீரில் போட்டால் வாய் மூடிச் செத்துவிடும். நகரக் கழிவுநீர் விழும் இடத்தருகே பொறுக்கிய மட்டி வேண்டாம்.

பருத்தித்துறையும் கிழக்கும்

இங்கே முரல். ஊசிமூக்கு முரலைச் சொதி வைத்துத் தட்டில் போட்டால் புதியவர்கள் கையை இழுத்துக்கொள்வார்கள், முள் பச்சை நிறம். பிலிவெர்டின் என்ற நிறமி அது, தீங்கில்லை. சொதியை இரண்டாம் பாலில் மஞ்சள், பச்சை மிளகாய், வெங்காயத்தோடு கொதிக்க வைத்து, மீன் போட்டு ஐந்து நிமிடம், முதற்பால் விட்டு ஒரு கொதி வருமுன் இறக்கி, சூடு சற்றுத் தணிந்தபின் தேசிக்காய்ப் புளி. அடுப்பில் இருக்கும்போதே புளி விட்டால் திரிந்துவிடும்.

சுறா வறைக்கும் திருக்கை வறைக்கும் முறை ஒன்றே. அரைக் கிலோத் துண்டை மஞ்சள், உப்பு, ஒரு துளி புளியோடு 10 நிமிடம் அவித்து, தோலை உரசி எடுத்து, குருத்தெலும்பு நீக்கி, துணியில் கட்டிப் பிழியுங்கள். பிழிவதுதான் வறை. ஈரம் நின்றால் உதிராமல் கட்டிகட்டியாக அவியும். உதிர்த்து, ஒரு கோப்பைத் தேங்காய்ப்பூ, மிளகு, நற்சீரகம் பிசறி, கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை தாளித்த தாச்சியில் மெல்லிய நெருப்பில் ஆறேழு நிமிடம். இந்த இனங்களின் சதையில் இயல்பாகவே யூரியா உண்டு. மீன் பழசாகும்போது அது அமோனியாவாக மாறும். மூக்கில் காரமாக ஏறினால் எந்தச் சரக்கும் அதை மறைக்காது.

என் அபிப்பிராயம்: ஒரு தரம் ருசி பாருங்கள், நாலு தரம் வேண்டாம். சுறாவும் திருக்கையும் குட்டி போடுவதும் வளர்வதும் மெதுவாக. வால்நீண்ட சுறா (thresher) இனங்களுக்கு இலங்கையில் 2012 முதலே தடை.

ஆமை இறைச்சியும் ஆவுளியா (கடற்பசு) இறைச்சியும் இரகசியமாக யாராவது தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இரண்டும் சட்டத்தால் காக்கப்பட்டவை. ஆமை இறைச்சியில் சில வேளை விஷமும் இருக்கும், சமைத்தாலும் போகாது. பேத்தை மீன் எந்த வடிவில் வந்தாலும் தொடாதீர்கள்.

முல்லைத்தீவு

வட்டுவாகல் பக்கம், நந்திக்கடலில் வீச்சுவலைக்காரர் இறாலுக்கு வலை எறிவதைப் பார்க்கலாம். களப்பு இறால் சின்னது, ஓடு மெல்லியது, கடல் இறாலைவிட இனிப்பு. மழைக்குப் பிறகு நன்றாகப் படும். பையில் இன்னும் துள்ளும் இறாலை ஒரு மணி நேரத்துக்குள் அடுப்பேற்றுவதானால் ஐஸ்கூட வேண்டாம். தலையோரம் கறுத்திருந்தால் உடனே கெட்டது என்று எறியாதீர்கள். ஓட்டிலுள்ள நொதியம் காற்றுப்பட்டுக் கறுப்பது அது. தலை கழன்று தொங்கினாலோ மணம் மாறினாலோதான் கழிக்க வேண்டும். தலையோடும் ஓட்டோடும் மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி, நல்லெண்ணெயில் பெரிய நெருப்பில் மூன்று நிமிடம். ஒரே தரத்தில் கால் கிலோவுக்கு மேல் தாச்சியில் போட்டால் சூடு இறங்கித் தண்ணீர் விட்டு அவியத் தொடங்கும், ஆகவே பிரித்துப் பிரித்துப் போடுங்கள். முதல் தட்டு வந்ததும் சாப்பிடத் தொடங்கிவிடலாம், மற்றவை வரும்.